மீன்தொட்டிப் பின்னணியும் அதன் பின்னால் நிற்கும் நீரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வீட்டு அலங்காரம் பற்றி வெளிவந்த கட்டுரையில், மீன்தொட்டியின் உள்ளே பாறை, வேர், குகை போன்ற தோற்றம் தரும் முப்பரிமாணப் பின்னணிகளை ஒட்டிக்கொள்ளுமாறு வாசகர்களுக்குப் பரிந்துரை செய்திருந்தார்கள். படங்கள் அழகாகவே இருந்தன. ஆனால் தருமபுரியில் கண்ணாடித் தொட்டி கட்டிக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அக்கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றை எழுதவேண்டியிருக்கிறது. இத்தகைய பின்னணியை உள்ளே பொருத்தியவுடன் ஒரே தொட்டிக்குள் இரண்டு நீர்ப்பகுதிகள் உண்டாகிவிடுகின்றன. முன்னால் மீன்கள் நீந்துவது ஒன்று. பின்னணிக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே, யார் கண்ணிலும் படாமல் நிற்பது மற்றொன்று. நான் பார்த்த வரையில், பின்னணி வைத்த தொட்டிகளில் வரும் தொல்லைகளில் பெரும்பங்கு அந்த இரண்டாவது நீரிலிருந்தே தொடங்குகிறது.

முதலில் எந்த வகையைப் பற்றிப் பேசுகிறேன் என்பதைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒட்டும் அச்சிட்ட தாள் நீரைத் தொடுவதில்லை. அதனால் எந்தத் தீங்கும் இல்லை. அரை அங்குலத்துக்கும் குறைவான பிளாஸ்டிக் வார்ப்புத் தகடுகளிலும் பெரிய சிக்கல் வருவதில்லை. இப்போது எல்லாரும் கேட்டு வாங்குவது, தெர்மாகோலிலோ பாலியூரிதேன் நுரையிலோ செதுக்கி, மேலே சிமெண்டோ ரெசினோ பூசி, சில இடங்களில் நான்கைந்து அங்குலம் வரை புடைத்து நிற்கும் கனத்த பாறைச் சுவர். கவனம் தேவைப்படுவது இந்த வகைக்குத்தான்.

கிருஷ்ணகிரியில் ஒரு வீட்டிலிருந்து, வாரம் தவறாமல் நீர் மாற்றியும் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன என்று என்னை அழைத்திருந்தார்கள். நீர் தெளிவாக இருந்தது, பில்டர் ஓடிக்கொண்டிருந்தது, உணவும் அளவாகவே போட்டு வந்தார்கள். பாறைச் சுவரின் மேல்விளிம்பில் மட்டும் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தது. அதன் வழியே டார்ச் அடித்துப் பார்த்தபோது, உள்ளே, வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீன் ஒன்று அழுகிக் கிடந்தது; அதற்குக் கீழே பல மாதக் கழிவு கறுத்த சேறாகப் படிந்திருந்தது. சக்கர், லோச் போன்ற மீன்கள் இருட்டான இடுக்கைத் தேடிப் போகும் இயல்புடையவை. சக்கர் மீன் மிரண்டால் துடுப்பு முட்களை விரித்துக்கொள்ளும். குறுகிய இடத்தில் முட்கள் விரிந்துவிட்டால் அது பின்னோக்கி வர முடியாமல் அங்கேயே சாகும். அந்த வீட்டார் வாரந்தோறும் மாற்றிக்கொண்டிருந்தது முன்புற நீரை மட்டும்தான்.

அழுகும் உடலிலிருந்தும் படிந்த கழிவிலிருந்தும் அம்மோனியா வெளிவருகிறது. நன்றாகப் பழகிய தொட்டியில் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அதிகத் தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். அந்தப் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் வந்துசேர நீரோட்டம் வேண்டும். ஓட்டமில்லாத இடுக்கில் அந்த வேலை நடப்பதில்லை. மாறாக, ஆக்சிஜன் இன்றி வாழும் வேறு பாக்டீரியாக்கள் சேற்றில் பெருகி, அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் இது கூடுதல் கவலைக்குரியது. இங்குள்ள ஆழ்துளைக் கிணற்று நீரில் பல இடங்களில் புளோரைடு மிகுதி. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் திறக்கப்பட்டது என்பதை வாசகர்கள் அறிவார்கள். அதே கிணற்று நீர் பெரும்பாலும் கடினமாகவும் காரத்தன்மை கூடியதாகவும் இருக்கிறது. அம்மோனியா எவ்வளவு நஞ்சாகும் என்பது நீரின் பி.எச். அளவை, அதாவது அதன் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்ணைப் பொறுத்தது. 25 டிகிரி செல்சியஸில் பி.எச். 7 உள்ள நீரில், மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கு. 9 ஆகிவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மென்னீர் உள்ள ஊரில் மீன்கள் தாங்கிக்கொள்ளும் அழுக்கை நம் ஊர் நீரில் அவை தாங்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். கூட்டுக் குடிநீர்க் குழாய் நீரை ஊற்றுகிறவர்கள், அதில் சேர்த்திருக்கும் குளோரின் அந்த நல்ல பாக்டீரியாக்களையும் கொன்றுவிடும் என்பதை நினைவில் வைத்து, குளோரினை நீக்கும் தயோசல்பேட் மருந்து கலந்த பிறகே ஊற்றவேண்டும்.

பின்புற நீரை என்ன செய்வது என்பதற்குத் தொழிலில் இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, பின்னணியின் எல்லா ஓரங்களையும் இடைவெளியின்றிச் சிலிகான் பசையால் அடைத்துவிடுவது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. உள்ளே அடைபட்ட காற்று சுவரை மேலும் மிதக்கத் தூண்டும். எங்கேனும் ஊசித்துளை அளவு விட்டுப்போனாலும் நீர் மெல்ல உள்ளே கசிந்து, வெளியேற வழியின்றி அங்கேயே கெடும். மற்றொன்று, அந்த இடத்தையே பில்டர் அறையாக ஆக்கிக்கொள்வது. பின்னணியைப் பின்கண்ணாடியிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி நிறுத்தி, ஒரு கோடியில் அடிப்பக்கமாகச் சில துளைகளைப் போட்டு, அவற்றில் மீன் நுழைய முடியாத பிளாஸ்டிக் வலையைப் பொருத்தவேண்டும். மறுகோடியில் பின்னணிக்குப் பின்னே சிறிய மோட்டாரை வைத்து, அதன் வெளிக்குழாயைப் பாறைப் பிளவு ஒன்றின் வழியே முன்புறம் மேலே கொண்டுவரவேண்டும். அப்போது நீர் கீழே நுழைந்து, பின்புறத்தின் முழு நீளத்தையும் கடந்து, மேலே வந்து விழும். நடுவில் ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றைக் குறுக்கே நிறுத்தினால் கழிவும் அங்கே தங்கிவிடும், எடுத்துக் கழுவிக்கொள்ளலாம்.

இதிலும் கவனிக்கவேண்டியவை உண்டு. துளைகள் சிறியனவாக இருந்தாலோ வலை அடைத்துக்கொண்டாலோ, மோட்டார் பின்புற நீரை வேகமாக இறைத்துவிடும். பின்புற மட்டம் தாழ்ந்து, முன்புற நீரின் அழுத்தம் சுவரைப் பின்னோக்கித் தள்ளும். மோட்டாரும் காற்றை இழுத்து இரையும். ஆகவே துளைகளைத் தேவைக்கு மேல் தாராளமாகப் போடுவதே நல்லது. மோட்டாரைக் கையை விட்டு எடுக்க இடமில்லாத தொட்டி, மோட்டார் பழுதாகும் நாளில் உடைக்கவேண்டிய தொட்டியாகிவிடும்; நான்கு அங்குலம் என்று நான் சொன்னது அதற்காகத்தான். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிருக்கு ஹீட்டர் வைக்கிறவர்கள் அதையும் அங்கே மறைத்து வைக்கலாம். ஆனால் அது நுரையைத் தொடாமலும், நீர் மட்டம் இறங்கினாலும் வெளியே தெரியாமலும் இருக்கவேண்டும். நீண்ட மின்தடைக்குப் பிறகு மோட்டார் மீண்டும் ஓடத் தொடங்கும்போது, அதுவரை தேங்கிக் கிடந்த நீர் ஒரே வீச்சில் முன்னால் வரும் என்பதையும் எதிர்பார்க்கவேண்டும். இரண்டடிக்கும் குறைவான தொட்டியில் இதற்கெல்லாம் இடமே இல்லை. அத்தகைய தொட்டிக்கு வெளியே ஒட்டும் தாளே போதும் என்று வருகிறவர்களிடம் சொல்லிவிடுகிறேன். அதனால் வியாபாரம் கைநழுவிப் போவதும் உண்டு.

அடுத்தது மிதப்பு. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 190 லிட்டர். அதில் வைக்கும் சுவர் சராசரியாக இரண்டு அங்குலக் கனம் என்று கொண்டால், அது விலக்கும் நீர் 21 லிட்டர். அதாவது அதை மேல்நோக்கித் தள்ளும் விசை 21 கிலோ எடைக்குச் சமம். தெர்மாகோலின் சொந்த எடை அரைக் கிலோ கூட இராது. சிமெண்ட் பூச்சு மூன்று நான்கு கிலோ இருக்கலாம். எஞ்சிய பதினைந்து கிலோவுக்குக் குறையாத விசை, இரவும் பகலும், ஆண்டுக்கணக்கில், அந்தச் சுவரை மேலே பிடுங்கிக்கொண்டே இருக்கிறது. நான்கு மூலையில் நான்கு உருண்டைச் சிலிகான் வைத்து ஒட்டினால் போதும் என்று விற்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும். நான் செய்வது வேறு. பக்கக் கண்ணாடிகளில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு கண்ணாடித் துண்டுகளை முன்கூட்டியே ஒட்டி இறுகவிட்டு, சுவர் அவற்றின் அடியில் சிக்கி நிற்குமாறு அமைத்துவிட்டால், மேலே வரும் விசையை அந்தத் துண்டுகள் தாங்கிக்கொள்ளும். சிலிகானின் வேலை சுவர் அசையாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே.

சிலிகானைப் பற்றியும் சொல்லவேண்டும். ஹார்டுவேர் கடையில் பொதுவாகச் சிலிகான் என்று கேட்டால், குளியலறைக்கு உரிய பூஞ்சை எதிர்ப்பு வகையை எடுத்துக் கொடுத்துவிடுவது உண்டு. அதிலுள்ள பூஞ்சைக்கொல்லி நீரில் கசிந்தால் மீனுக்கும் நஞ்சாகும். வினிகர் வாடை வந்தால் அது மீன்தொட்டிச் சிலிகான்தான் என்று சிலர் நினைக்கிறார்கள். பூஞ்சை எதிர்ப்பு வகைகளிலும் அதே வாடை வருவது உண்டு என்பதால், குழலின் மேல் மீன்தொட்டிக்கு ஏற்றது என்று அச்சிட்டிருக்கிறதா என்று படித்தே வாங்கவேண்டும். சிலிகான் காற்றிலுள்ள ஈரப்பதத்தை எடுத்துக்கொண்டு, வெளியிலிருந்து உள்நோக்கி இறுகும் பொருள். கண்ணாடி மூலையில் இடும் மெல்லிய கோடு ஓரிரு நாளில் இறுகிவிடும். சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைத்து அழுத்திய உருண்டைக்குக் காற்றே படாததால், மேலே தோல் கட்டி உள்ளே பல நாள் பசையாகவே கிடக்கும். பங்குனி, சித்திரை மாதங்களில் தருமபுரியின் வறண்ட காற்றில் இது இன்னும் தாமதமாகும்; வெயில் அடித்தால் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பது பெயிண்டுக்குப் பொருந்தலாம், சிலிகானுக்குப் பொருந்தாது. இடையே காற்றுப் போக வழி விட்டு, கோடு கோடாக இழுத்து, ஒரு வாரத்துக்குக் குறையாமல் விட்டு, மூக்கை வைத்துப் பார்த்து வாடை முழுவதும் அடங்கிய பிறகே நீர் ஊற்றவேண்டும். தூசி படிந்த சிமெண்ட் பரப்பில் சிலிகான் பிடிக்காது. ரப்பர் பசை போன்ற கரைப்பான் கலந்த பசைகளோ தெர்மாகோலையே தின்றுவிடும்.

இவ்வளவையும் காலியான, உலர்ந்த தொட்டியில்தான் செய்ய முடியும். மீன் நீந்தும் தொட்டியில் சனிக்கிழமை மாலை வந்து ஒட்டித் தருகிறோம் என்று யாரேனும் சொன்னால், மறுத்துவிடுவதே நல்லது. மேலே குறுக்குக் கண்ணாடிப் பட்டை உள்ள தொட்டியில் ஒரே துண்டுச் சுவர் உள்ளே நுழையாது. இரண்டாக அறுத்து, அறுத்த இடம் பாறை வெடிப்பைப் போலத் தெரியுமாறு செதுக்கவேண்டும். புதுத் தொட்டி வாங்குகிறவர்கள் பின்னணி வேண்டுமென்று முதலிலேயே சொல்லிவிட்டால், பட்டையை ஒட்டுவதற்கு முன்பே சுவரை இறக்கிவிடலாம். உட்புற அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களில் அளந்து, மிகக் குறைந்த அளவிலிருந்தும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைத்துச் சுவரை வெட்டுவது வழக்கம். சுவர் அடிக்கண்ணாடியின் மேல் நேராக நிற்கவேண்டும். கூழாங்கல்லின் மேல் நிறுத்தினால் மீன் தோண்டத் தோண்ட அது சாயும்.

வீட்டிலேயே செய்துகொள்ளும் ஆர்வம் இளைஞர்களிடம் பெருகியிருப்பதை நான் வரவேற்கிறேன். தெர்மாகோலைக் கத்தியால் செதுக்குவதே பாதுகாப்பானது. சூடேற்றிய கம்பியால் அறுக்கிறவர்கள் திறந்த வெளியில் செய்யட்டும், அந்தப் புகை மூச்சுக்கு நல்லதன்று. முதற்பூச்சுக்குச் சிமெண்டைப் பால் போலக் கரைத்துத் தடவி, பிறகு சற்றுக் கெட்டியாக மூன்று நான்கு பூச்சு கொடுத்து, ஒவ்வொரு பூச்சையும் ஈரத்துணி போர்த்தி இறுகவிடவேண்டும். நிறத்துக்கு இரும்பு ஆக்சைடு பொடி போதும். பூச்சு இறுகியதும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணக் கூடாது. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து நீரின் பி.எச். அளவை 9க்கும் மேலே ஏற்றிவிடும். அந்த அளவில் அம்மோனியா என்ன ஆகிறது என்பதை முன்பே சொன்னேன். எனவே தொட்டியில் நீர் நிரப்பி, சில நாளுக்கு ஒருமுறை முழுவதும் வடித்து மாற்றி, புதிதாக ஊற்றும் நீரும் தொட்டி நீரும் ஒரே பி.எச். காட்டும் வரை சில வாரங்கள் பொறுத்திருக்கவேண்டும். வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்துச் சோதனைப் புட்டி இதற்குப் போதும். பூச்சே இல்லாத வெறும் நுரைச் சுவரைப் பெரிய சிக்லிட் மீன்களும் சக்கரும் கடித்துக் குதறி, வெள்ளை மணிகளாக நீரில் மிதக்கவிடும். அவை மோட்டாரிலும் சிக்கும். நிறத்தைப் பற்றி ஒரு சொல்: எவ்வளவு விலை கொடுத்து வண்ணம் தீட்டினாலும், விளக்கு எரியும் தொட்டியில் சில மாதங்களில் பாசி படிந்து எல்லாச் சுவர்களும் ஒரே பழுப்புப் பச்சைக்கு வந்துவிடும். அது கெடுதல் அன்று. இயற்கையான தோற்றமும் அப்போதுதான் வருகிறது. ஆனால் வண்ணத்துக்காக இரட்டிப்பு விலை கொடுப்பதற்கு முன் யோசிக்கலாம்.

சுவர் எடுத்துக்கொண்ட 21 லிட்டரும், அதன் பின்னே விடும் இடமும் மீன்களின் இடத்திலிருந்து கழிக்கப்படவேண்டியவை. பதினெட்டு அங்குல அகலத் தொட்டியில் நான்கு அங்குலம் பின்னறைக்கும் இரண்டு அங்குலம் சுவருக்கும் போனால், மீனுக்கு மிஞ்சுவது பன்னிரண்டு அங்குலம். ஓர் அடி வளரும் ஆஸ்கார் மீன் அதில் திரும்பவே திணறும். அதைவிடப் பெரிதாக வளரும் அரோவனா மீனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புடைத்த கண்ணுள்ள தங்கமீன் வகைகளுக்குக் கூர்மையான பாறை முனைகள் ஆகாது.

தோற்றத்தைப் பற்றியும் என் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கடைகளில் பவளப் பாறைச் சுவருக்கு முன்னால் தங்கமீன் நீந்துகிறது. கடலையே கண்டிராத மீன் அது. அமேசான் வேர்கள் எங்கும் தொங்குகின்றன. கிருஷ்ணகிரியில் சையத் பாஷா மலையையும் இராயக்கோட்டை மலையையும் அன்றாடம் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு, உருண்டு திரண்ட பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக எப்படி அமர்ந்திருக்கும் என்று வேறு யாரும் கற்றுத்தரவேண்டியதில்லை. பாரடைசோ என்ற பெயரில் வெளிநாடுகளுக்குப் போகும் பலவண்ணக் கிரானைட் இந்த மண்ணில் வெட்டப்படுவதுதான். அறுத்து மிஞ்சிய துண்டுகள் கிரானைட் பட்டறைகளின் ஓரத்தில் குவிந்து கிடக்கின்றன. மெருகு போடாத மெல்லிய துண்டுகளைக் கழுவி, கண்ணாடிப் பலகை ஒன்றின் மேல் மீன்தொட்டிச் சிலிகானால் படிப்படியாக ஒட்டி உள்ளே நிறுத்தினால், அது மிதக்காது, நீரின் தன்மையை மாற்றாது, மீன் கடித்தாலும் உதிராது. எடையை மட்டும் கணக்கிட்டுக்கொள்ளவேண்டும்: மூன்றடிக்கு ஒன்றரை அடிப் பரப்பில் 18 மில்லிமீட்டர் கனக் கிரானைட் ஏறத்தாழ 20 கிலோ. தாங்கு மேசையும் அடிக்கண்ணாடியின் கனமும் அதற்கேற்ப இருக்கவேண்டும். பலகை முன்னால் சாயாதபடி பக்கங்களில் கண்ணாடித் துண்டு கொடுத்துப் பிடிக்கவும் வேண்டும். ஆற்றங்கரைக் கற்களை அள்ளி வருவதை நான் ஆதரிக்கமாட்டேன். ஆற்றைக் கெடுப்பது ஒருபுறம் இருக்க, ஒகேனக்கல் வட்டாரத்தில் கார்பனடைட் என்னும் சுண்ணாம்புத்தன்மை உள்ள பாறையும் உண்டு. எந்தக் கல்லானாலும் அதன்மேல் சில சொட்டு வினிகர் விட்டு, நுரைத்தால் ஒதுக்கிவிடவேண்டும்.

விற்பனையாளர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. பின்னணி எந்த நுரையால் ஆனது, மேற்பூச்சு என்ன, எத்தனை லிட்டர் நீரை விலக்கும், எந்தச் சிலிகானால் ஒட்டவேண்டும் என்ற நான்கு வரிகளைத் தமிழில் அச்சிட்டு அட்டையில் ஒட்டிக் கொடுக்கலாம். இப்போது பெரும்பாலான பின்னணிகள் ஒரு பாலித்தீன் உறையில், ஒரு சொல்லும் இல்லாமல் வருகின்றன. 2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வண்ணமீன் வளர்ப்புக் கூடங்களுக்கு மானியம் வழங்க வகைசெய்யப்பட்டது. பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையமும் நமக்கு அருகிலேயே இருக்கிறது. வளர்ப்போருக்குப் பயிற்சி தரும்போது, தொட்டி கட்டுபவர்களையும் கடைக்காரர்களையும் அழைத்து ஒரு நாள் பாடம் நடத்தினால் நாங்கள் மகிழ்ச்சியுடன் வருவோம்.

ஏற்கெனவே பின்னணி ஒட்டிவிட்டவர்கள் இதைப் படித்து அதைப் பிய்க்க முற்படவேண்டாம். மேல் இடைவெளி தெரிந்தால் அதில் ஸ்பாஞ்சுத் துண்டைத் திணித்து மீன் நுழையாமல் தடுத்து, மெல்லிய குழாயைப் பின்னே இறக்கி மாதம் ஒருமுறை அந்த நீரை உறிஞ்சி எடுத்தால், பல தொட்டிகள் அப்படியே பல ஆண்டு ஓடும். நாற்றம் வந்து, கழற்றியே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி, நீரை முழுவதும் வடித்து, தூண்டில் நரம்பைச் சுவருக்குப் பின்னே விட்டு இருபுறமும் இழுத்துச் சிலிகானை அறுக்கவேண்டும். மூலைகளில் கத்தி விடக் கூடாது, ஏனெனில் அங்கே இருப்பது தொட்டியையே பிடித்து நிற்கும் சிலிகான். அது கீறுபட்டதாகச் சந்தேகம் எழுந்தாலும், பழைய சிலிகானின் மேல் புதியது ஒட்டாது என்பதால், அந்த மூலையைச் சுரண்டித் துடைத்துப் புதிதாக இட்டு, இறுகிய பின் தொட்டியை வாசலிலோ மொட்டை மாடியிலோ சமதளத்தில் வைத்து நிரப்பி, இரண்டு நாள் கசிவைப் பார்த்துவிட்டு, நீரை வடித்த பிறகே உள்ளே எடுத்துச் செல்லவேண்டும்.

இங்ஙனம்,
மீன்தொட்டி கட்டும் தொழிலாளி,
தருமபுரி.